பொதுத் துவிச்சக்கரவண்டி: இருப்பும் தேவையும்

போக்குவரவின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் வாகனத்தின் வேகத்தையும் தொகையையுமே கணக்கெடுப்பர். மாட்டுவண்டி, புகையிரதம், மோட்டார்வண்டி, ஆகாயவிமானம் என மனிதன் ஏறிவந்த படிகளே அவ்வரலாற்றில் முதலிடம் பெறுகின்றன. பலருக்குப் பொதுவான வாகனத்தைப் பொறுத்தவரையிலோ, இவற்றினும் முதன்மையான வேறொரு வினா உண்டு. வண்டி நிற்கும் இடமும் அது வேண்டப்படும் இடமும் ஒன்றா என்பதே அவ்வினா. ஆயிரம் வண்டிகள் நகரின் ஒரு மூலையிலே குவிந்து கிடக்க, மறு மூலையிலே மக்கள் கால்நடையாகச் செல்வராயின், அந்நகருக்கு ஆயிரம் வண்டிகள் உண்டு என்று கூறுவதாற் பயன் யாது? உலகின் பெருநகரங்களிலே கடந்த அறுபதாண்டுகளாகத் தோன்றிய பொதுத் துவிச்சக்கரவண்டித் திட்டங்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறேயாகும். அவ்விடையை வன்னி நிலத்துச் சந்தியூராகிய மாங்குளத்திலிருந்து நோக்குமிடத்து அதன் பொருள் மேலும் தெளிவாகும்.

மாங்குளம் வீதிகளால் உருவான ஊர். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் கண்டி வீதியிலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டானூடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி இங்கேதான் பிரிகின்றது. மேற்கே துணுக்காய், மல்லாவி, வெள்ளாங்குளம் ஆகிய ஊர்களுக்குச் செல்வோரும் இச்சந்தியிலேயே இறங்குவர். வடபகுதிப் புகையிரதப் பாதையின் வடமுனை 1902ஆம் ஆண்டிலேயே காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணத்தினூடாகச் சாவகச்சேரி வரை திறக்கப்பட்டது. தென்முனை 1904இல் அநுராதபுரத்தை அடைந்தது. இடையே கிடந்த வன்னிக் காடு மட்டும் இருப்புப்பாதையின்றி எஞ்சியது. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகத்தராக வந்த லெனார்ட் வூல்ப் என்னும் ஆங்கிலேயர், அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை மாட்டுவண்டியாகிய தபால் வண்டியிலேயே பயணஞ் செய்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி பாதை முழுமையும் திறக்கப்பட்ட பின்னரே அவ்வண்டிகளுக்கு ஓய்வு கிட்டியது.

மாடு மாற்றி ஓட்டும் அப்பழைய பயணமுறையிலேயே இப்பிரச்சினையின் வித்து இருந்தது. களைத்த மாடுகளை ஓரிடத்தில் அவிழ்த்து, அங்கே காத்து நிற்கும் மாடுகளைப் பூட்டிச் செல்வது இத்தகைய நெடும்பயணங்களின் வழக்கம். வடக்கே சென்ற சோடிகளும் தெற்கே வந்த சோடிகளும் சமமாயிருக்கும்வரை ஒவ்வொரு தங்குமிடத்திலும் மாடு இருக்கும். ஒரு திசையிற் போக்கு மிகுந்துவிடின், ஓரிடத்தில் மாடுகள் தீனிக்குக் காத்திருக்க, மற்றோரிடத்தில் வண்டி மாட்டுக்குக் காத்திருக்கும். அப்பொழுது வெறும் மாடுகளை ஆளனுப்பி ஓட்டிவரச் செய்வதன்றி வேறு வழியில்லை. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மாற்றிச் சமன்செய்யும் இவ்வேலையை நிரவல் எனலாம். பொது வாகனம் எதுவாயினும் அதன் செலவிற் பெரும்பங்கு நிரவலிலேயே மறைந்திருக்கின்றது.

துவிச்சக்கரவண்டியைப் பலருக்குப் பொதுவாக்கும் முயற்சி தமிழருக்குப் புதியதன்று. தமிழகத்துச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் வாடகைச் சைக்கிள் கடைகள் பல்லாண்டுகள் செழித்திருந்தன. சொந்தமாக வண்டி வாங்க இயலாதவர், மணிக்கு இவ்வளவு என்று கட்டணங் கொடுத்து வண்டி எடுப்பர். கடைக்காரர் பெயரையும் நேரத்தையும் கொப்பியிற் குறித்துக்கொள்வார். அறிமுகமே பிணையாயிருந்தது. எத்தனையோ சிறுவர் வண்டியோட்டப் பழகியதும் அவ்வாடகை வண்டிகளிலேதான். இக்கடைகளில் நிரவற் பிரச்சினை எழவில்லை என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. எடுத்த கடையிலேயே வண்டியைத் திருப்பி விடவேண்டும் என்ற ஒரேயொரு விதி அதனைத் தீர்த்துவிட்டது. ஆயின் அத்தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. போகுமிடத்தில் ஒருவர் இரண்டு மணி நேரம் தங்குவாராயின், அவ்விரண்டு மணியும் வண்டி சுவரிற் சாய்ந்து நிற்கும். அதற்கும் வாடகை ஏறும். வண்டி உருளும் நேரம் சிறிது, நிற்கும் நேரம் பெரிது. ஒருவழிப் பயணத்துக்கு அது உதவாது.

இக்கட்டை அவிழ்க்கவேண்டும் என்ற எண்ணம் 1965இல் ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்டர்டாம் நகரிலே பிறந்தது. புரோவோ என்னும் இளைஞர் இயக்கத்தினர், மோட்டார்வண்டிகளின் நெரிசலுக்கு மாற்றாக, வெள்ளை வர்ணம் பூசிய துவிச்சக்கரவண்டிகளைப் பூட்டின்றி வீதியில் விட்டனர். வேண்டியவர் எடுத்துச் சென்று வேண்டிய இடத்தில் விட்டுச் செல்லலாம். அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். இத்திட்டத்தை வகுத்தவர் லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க் என்பவர். நகரசபை ஆண்டுதோறும் 20,000 வெள்ளை வண்டிகளை வாங்கி விடவேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கை. பூட்டாத வண்டியை வீதியில் விடுவது சட்டவிரோதம் எனக் காவற்றுறையினர் வண்டிகளைக் கைப்பற்றினர். பின்னர் அவரே நகரசபை உறுப்பினராகித் தமது யோசனையை முன்வைத்த போதும் சபை அதனை ஏற்கவில்லை. முயற்சி தோற்றதாயினும் எண்ணம் அழியவில்லை.

மறு முயற்சி டென்மார்க்கிலே நிகழ்ந்தது. 1995இல் கொப்பன்ஹேகன் நகரில் 1,000 வண்டிகள் வைக்கப்பட்டன. 20 குரோனர் நாணயத்தை இட்டால் வண்டி விடுபடும். எந்த நிலையத்திலாயினும் திருப்பிப் பூட்டினால் நாணயம் மீளும். வண்டியை எடுத்தவர் யார் என்பது மட்டும் எவருக்குந் தெரியாது. அக்குறையை நீக்கியது அட்டை. 1996இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்திலும் 1998இல் பிரான்சின் ரென் நகரிலும் அட்டைவழித் திட்டங்கள் தொடங்கின. 2005இல் லியோன் நகரமும், 2007 ஜூலை 15ஆம் திகதி பாரிஸ் மாநகரமும் அவ்வழியைப் பின்பற்றின. பாரிஸ் ஏறத்தாழ 10,000 வண்டிகளோடும் 750 நிலையங்களோடும் தொடங்கியது. 2008இல் சீனாவின் ஹாங்சௌ, 2010இல் லண்டன், 2013இல் நியூயோர்க் எனத் திட்டம் பரவியது. பழைய கடைக்காரரின் கொப்பி கணினியாயிற்று. எடுத்த இடத்திலேயே விடவேண்டும் என்ற அவரது விதி நீங்கியது. நீங்கவே, அவ்விதி அதுகாறும் அடக்கி வைத்திருந்த பிரச்சினையும் வெளிப்பட்டது.

பாரிஸ் நகரின் மொன்மார்த்ர் முதலிய மேட்டுப்பகுதிகளில் இது முதலிலே தெளிவாகத் தெரிந்தது. மேட்டிலிருந்து வண்டியில் இறங்குவது எவர்க்கும் இன்பம். ஏறி வருவதோ துன்பம். ஆகவே மக்கள் வண்டியில் இறங்கி, சுரங்கப் புகையிரதத்தில் ஏறி மீண்டனர். மேட்டு நிலையங்கள் வெறுமையாயின. பள்ளத்து நிலையங்கள் நிறைந்து வழிந்தன. லண்டனில் மேடும் பள்ளமும் காரணமாகவில்லை, கடிகாரமே காரணமாயிற்று. வோட்டர்லூ, கிங்ஸ் குறொஸ் ஆகிய பெரும் புகையிரத நிலையங்களில் காலையிலே இறங்குவோர் அனைவரும் ஒரே வேளையில் அலுவலகப் பகுதிக்கு வண்டி தேடினர். மாலையிலே அதே வெள்ளம் எதிர்த்திசையிற் பாய்ந்தது.

வண்டியில்லாமை மட்டுமே இங்கு குறை என்று எண்ணுதல் பிழை. நிலையம் நிறைந்திருப்பதும் அதே அளவு குறையாகும். வண்டியைக் கொண்டுவந்தவர் பூட்டுவதற்கு வெற்றுத் தரிப்பிடமின்றி அடுத்த நிலையத்தைத் தேடி அலைவார். ஆகவே இத்திட்டத்தில் வண்டி ஒரு வளமாயின், வெற்றிடமும் ஒரு வளமாகும். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 20 தரிப்பிடங்களையுடைய இரு நிலையங்கள் உள்ளன எனக் கொள்க. முதலாவதில் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் 15 பேர் வண்டி எடுக்க வருவர், 3 பேர் விட வருவர். இரண்டாவதில், பல திசைகளிலிருந்தும் 15 பேர் விட வருவர், 3 பேர் எடுக்க வருவர். இரண்டிலும் சரிபாதியாகப் பத்துப் பத்து வண்டிகளை வைத்தால், முதலாவதில் இருவருக்கு வண்டியில்லை, இரண்டாவதில் இருவருக்கு இடமில்லை. அதே 20 வண்டிகளை முதலாவதில் 12, இரண்டாவதில் 8 என வைத்தால் பொதுவில் எவரும் ஏமாறார். ஒரு வண்டியேனும் புதிதாக வாங்கப்படவில்லை. சமமாகப் பிரிப்பது வேறு, தேவையறிந்து பிரிப்பது வேறு என்பது இதனால் விளங்கும்.

தேவையறிந்து பிரிக்கும் கணிதம் துவிச்சக்கரவண்டியினும் பழைமையானது. 1781இல் கஸ்பார் மோஞ்ச் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், வெட்டிய மண்ணைப் பல மேடுகளிலிருந்து பல பள்ளங்களுக்கு மிகக் குறைந்த உழைப்பில் எவ்வாறு கொண்டு செல்லலாம் என்பதை ஆராய்ந்தார். 1939இல் சோவியத் நாட்டு அறிஞர் கன்டோரோவிச், வரையறுத்த வளங்களைப் பங்கிடுவதற்கான கணிதமுறையை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, ஒல்லாந்தராகிய கூப்மன்ஸ் வாஷிங்டனிலிருந்து நேசநாடுகளின் கப்பற் போக்குவரவை ஆராய்ந்தார். போர்த்தளவாடங்களை ஏற்றிச் சென்ற கப்பல்கள் இறக்கிய துறையிலேயே வெறுமையாய் நின்றன. அடுத்த சரக்கோ வேறொரு கண்டத்தில் இருந்தது. வெறுங் கப்பல்களை எத்துறையிலிருந்து எத்துறைக்கு அனுப்பினால் வீண் ஓட்டம் மிகக் குறையும் என்பதே அவர் ஆராய்ந்த கேள்வி. இவ்விருவரும் 1975ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வெறுங் கப்பலுக்குப் பொருந்திய கணக்கு வெறுஞ் சைக்கிளுக்கும் பொருந்துவதாயிற்று.

நகரங்கள் கையாண்ட பரிகாரங்களை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, லொறிகளில் வண்டிகளை ஏற்றி மாற்றுதல். இதுவே எங்கும் முதலிற் கையாளப்பட்டது. ஆயின் நெரிசல் மிக்க வேளையிலேதான் தேவை மிகும். அவ்வேளையிலேதான் லொறியும் நெரிசலிற் சிக்கும். புகையைக் குறைக்க வந்த திட்டம் புகை கக்கும் லொறியை நம்பி நிற்பதும் முரணேயாம். இரண்டாவது, முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தல். நியூயோர்க் திட்டத்தை ஆராய்ந்த கோர்னெல் பல்கலைக்கழகத்து டேவிட் ஷ்மொய்ஸ் முதலியோர், வீதி வெறிச்சோடிய இரவில் வண்டிகளை மறுநாட் காலைக்கேற்ப அடுக்கி வைப்பதையும், தரிப்பிடங்களையே தேவை மிகுந்த நிலையங்களுக்கு நிரந்தரமாக மாற்றுவதையும் கணக்கிட்டுக் காட்டினர். மூன்றாவது, பயணியையே நிரவுவோராக்குதல். மேட்டு நிலையத்தில் வண்டியைக் கொண்டு விடுவோருக்குப் பாரிஸ் திட்டம் பதினைந்து நிமிட இலவச நேரம் வழங்கியது. நியூயோர்க்கில் ‘பைக் ஏஞ்சல்ஸ்’ என்னும் முறையின்படி, நிறைந்த நிலையத்தில் எடுத்து வெறுமையான நிலையத்தில் விடுவோர் புள்ளிகளும் பரிசுகளும் பெற்றனர்.

இம்மூன்றையும் புறக்கணித்து, நிலையமே வேண்டாம் என்ற முயற்சியும் நிகழ்ந்தது. 2014இல் பீக்கிங் பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய ஓபோ என்னும் நிறுவனமும் அதன் போட்டியாளரும், கைத்தொலைபேசியால் திறக்கும் பூட்டுப் பொருத்திய வண்டிகளை இலட்சக்கணக்கில் வீதிகளில் விட்டன. அம்ஸ்டர்டாம் இளைஞரின் கனவு நனவாயிற்று என்றே பலர் எண்ணினர். குறை கண்ட இடமெல்லாம் மேலும் வண்டிகளைக் கொட்டுவதே அந்நிறுவனங்களின் நிரவல் முறையாயிற்று. சில ஆண்டுகளில் நடைபாதைகள் அடைபட்டன. நகரப்புறத்து வெளிகளிலே வண்டிகள் மலைமலையாகக் குவிக்கப்பட்டன. ஓபோ 2018இல் இந்தியாவிலிருந்தும் வெளியேறியது. அதற்கு மாறாக, 2017 ஜூனில் மைசூர் நகரம் 450 வண்டிகளோடு தொடங்கிய ‘ட்ரின் ட்ரின்’ திட்டம் நிலையங்களையும் அளவையும் பேணியது. தொகையைப் பெருக்குவதால் இடத்தின் குறை தீராது என்பதே சீனத்து அனுபவம் கற்பித்த பாடம்.

இப்பாடத்தை வன்னி மக்கள் கணினியின்றியே, மிகக் கொடிய முறையிற் கற்றிருந்தனர். 1990இல் போர் மீண்டும் மூண்டதன் பின் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் ஓடவில்லை. வன்னிக்கு எரிபொருள் செல்வதும் தடுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் வரையில் துவிச்சக்கரவண்டியே அந்நிலத்தின் முதன்மை வாகனமாயிருந்தது. விறகும் நெல்மூடையும் நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் அதிலேயே சென்றனர். மாங்குளமோ 1990, 1998, 1999, 2008 ஆகிய ஆண்டுகளிற் கைமாறிக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் ஒரே திசையிற் பெயர்ந்தனர். வண்டிகளும் அவர்களோடு பெயர்ந்தன. இறுதியில் 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் அப்பெயர்ச்சி முல்லைத்தீவுக் கடலோரத்தில் முட்டி நின்றது. மக்கள் கைப்பையோடு நந்திக்கடற் பக்கமாக வெளியேறியபோது, எண்ணிறந்த துவிச்சக்கரவண்டிகள் அக்கரையோரத்திலும் வீதியோரங்களிலும் கைவிடப்பட்டன. உடையவர்களோ செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். முகாம்களிலிருந்தோர் தொகை இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டது. ஓரிடத்திலே வண்டிகள் மழையில் நனைந்து துருவேறின. மற்றோரிடத்திலே வண்டியற்ற மக்கள் காத்திருந்தனர். மீளக்குடியமரச் சென்றபோது அவர்களுள் மிகப் பலர் முதலில் நாடிய பொருள்களுள் துவிச்சக்கரவண்டியும் ஒன்று. பிள்ளை பள்ளி செல்வதற்கும் தகப்பன் கூலிவேலைக்குச் செல்வதற்கும் அஃது இன்றியமையாததாயிருந்தது. இருப்பும் தேவையும் இடத்தாற் பிரிந்தால் நேரும் இழப்பை இதனினும் கூர்மையாகக் காட்டும் சான்று அரிது.

அமைதிக் காலத்தின் நிலை வேறு. 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் மாங்குளத்தினூடாகக் கிளிநொச்சி வரை ஓடியது. 2014 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணத்தை அடைந்தது. வட மாகாணத்தின் நிர்வாக மையத்தை அதன் நடுவிலுள்ள மாங்குளத்தில் அமைக்கும் யோசனையும் நெடுநாளாகப் பேசப்பட்டு வந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியோ, மோட்டார்வண்டியை மட்டும் நம்பியிருத்தலின் ஆபத்தை இலங்கை முழுவதற்கும் உணர்த்தியது. அந்நாளில் துவிச்சக்கரவண்டியின் விலை மிக உயர்ந்து, ஏழைகளுக்கு எட்டாததாயிற்று. சந்தியில் இறங்கும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் நோயாளியைப் பார்க்க வருவோரும் எஞ்சிய இரண்டொரு மைலைக் கடக்கப் பொது வண்டி உதவும் என்பது தெளிவு.

இத்தகைய சந்தியூரில் ஒரு திட்டம் அமையுமாயின், அதன் கணக்குப் பெருநகரத்தின் கணக்கினின்றும் வேறுபடும். நிலம் பெரும்பாலும் சமதரை. மொன்மார்த்ரின் மேடு இங்கில்லை. கடிகாரத்தின் மேடோ இங்கும் உண்டு. புகையிரதமும் பஸ்ஸும் வரும் வேளையில் சந்தியிலே வண்டி வேண்டும். அவை புறப்படும் வேளையில் அங்கே வெற்றிடம் வேண்டும். காலையில் ஊர்களிலிருந்து சந்திக்கு வருவோரும், சந்தியிலிருந்து ஊர்களுக்குச் செல்வோரும் ஏறத்தாழச் சமமாயின், ஒருவர் கொணர்ந்த வண்டியை மற்றவர் கொண்டு செல்வர். நிரவலுக்கு ஆளும் வேண்டா, லொறியும் வேண்டா. சமமில்லாத வேளைக்கு மட்டும் சிறிது கூலியோ சலுகையோ போதும். ஆதலால் முதலிற் செய்யவேண்டியது வண்டி வாங்குதலன்று. எவ்வேளையில் எத்திசையில் எத்தனை பேர் செல்கின்றனர் என எண்ணுதலேயாம்.

எண்ணிப் பங்கிடும் இவ்வொழுக்கம் வன்னி நிலத்துக்கு அந்நியமன்று. குளத்து நீர்மட்டத்தை அறிந்து, இவ்வாண்டு சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்பதைக் கமக்காரர் கூட்டத்திலே விதைப்புக்கு முன்னரே தீர்மானிப்பது அங்குள்ள வழக்கம். நீர் குறைந்த ஆண்டிலே காணி சுருங்கும். அச்சுருக்கத்தையும் பங்காகவே ஏற்பர். வாய்க்காலின் தலைப்பிலுள்ளவன் மடையை அகலத் திறந்துவிட்டால் கடைக்கோடியிலுள்ளவனின் பயிர் வாடும் என்பதை ஒவ்வொரு கமக்காரனும் அறிவான். நீர் குளத்தில் உண்டு என்பதால் மட்டும் கடைக்கோடி வயல் விளைந்துவிடாது. அது முறையாக அங்கே சென்றடைதல் வேண்டும்.

பொதுச் சொத்து எதுவாயினும் அதற்கு இவ்விதியே பொருந்தும். அம்ஸ்டர்டாமின் வெள்ளை வண்டி நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டு கணக்கை மறந்தது. சீனத்து வண்டி கணினியை வைத்திருந்தும் அளவை மறந்தது. பாரிஸும் நியூயோர்க்கும் பயணியையே பங்காளியாக்கியபோது ஓரளவு சமநிலை கண்டன. தான் விடும் வண்டியை அடுத்து எடுப்பவர் ஒருவர் உளர் என்ற நினைவு பயணியிடம் உண்டாகும்போதே நிரவற் செலவு குறைகின்றது. அந்நினைவை வளர்ப்பதிலே கணிதத்துக்கும் சட்டத்துக்கும் பங்குண்டு. கல்விக்கு அவற்றினும் பெரிய பங்குண்டு.